பனியன் நகரத்தில் துயிலாத யாமங்கள்

திருப்பூரில் வேலை நேரத்தை மணிக்கணக்கில் சொல்பவர்கள் குறைவு. காலை 8.30 மணிக்குப் பவர் டேபிளின் முன் அமர்ந்து மாலை 5.30 மணிக்கு எழுந்தால் அது ஒரு ஷிப்ட், இரவு 8.30 மணி வரை தங்கினால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருங்கிவிட்ட அவசரத்தில் நள்ளிரவைக் கடந்து 1 மணி வரை இருந்து தைத்துக் கொடுத்தால் இரண்டு. சனிக்கிழமை மாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிற இருவர் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும்போது, 'இந்த வாரம் எத்தனை?' என்பதே கேள்வி. 'ஒன்பது' என்பது சந்தோஷமான விடை. ஆறு நாளில் ஒன்பது ஷிப்ட் செய்தவர், கூடுதலான அந்த மூன்று ஷிப்டைத் தம் வாழ்வின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தார் என்று நாம் கேட்பதில்லை. சமைப்பதையும் துவைப்பதையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையும் குறைக்க இயலாத வீட்டில், குறைப்பதற்கென்று எஞ்சியிருப்பது இரவுத் தூக்கம் ஒன்றே.

நித்திரையின்மை என்னும் நோய்க்கு வைத்திய சாஸ்திரம் தரும் இலக்கணத்தை இங்கே நினைவுகூர்வது அவசியம். தூங்குவதற்குப் போதிய நேரமும் தகுந்த இடமும் வாய்த்திருந்தும், தூக்கம் வராமலோ, வந்தது நிலைக்காமலோ, விடியுமுன் கலைந்தோ போய், அதன் காரணமாகப் பகற்பொழுதும் கெடுமாயின் அது நித்திரையின்மை. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாத காலம் அது தொடருமாயின் நாட்பட்ட நோய். இவ்விலக்கணத்தின் முதற் சொற்களிலேயே நம் ஊரைப் பொறுத்த சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. போதிய நேரமும் தகுந்த இடமும் உடையவர்கள் அவிநாசி முதல் பல்லடம் வரை, காங்கயம் முதல் சோமனூர் வரை எத்தனை பேர்? இங்கே துயிலாமை மூன்று வகையாகப் பிரிந்து நிற்கிறது: நேரமே இல்லாதவரின் துயிலாமை ஒன்று, தூங்கத்தகாத வேளையில் தூங்க நேர்ந்தவரின் துயிலாமை மற்றொன்று, எல்லாம் இருந்தும் கண் மூடாதவரின் துயிலாமை மூன்றாவது. மருத்துவர் பெரும்பாலும் கவனிப்பது மூன்றாவதையே. ஆனால் முதலிரண்டும் ஆண்டுக்கணக்கில் ஒரு சரீரத்தைப் பழக்கிய பிறகே பெரும்பாலும் மூன்றாவது பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம்; இக்கட்டுரையின் பொருளும் அதுவே.

செக்கிங் பிரிவில் பல ஆண்டு வேலை செய்த ஓர் அம்மாள் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "படுத்தாத் தூக்கம் வரமாட்டேங்குதுங்க, கம்பெனி வண்டியில உக்காந்தா வந்துருதுங்க." அறிஞர் பலர் நெடுங்காலமாக எழுதியதன் சாரம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதை விளக்கப் புகுமுன், இரவு இவ்வூரில் எவ்வாறு வேலை நேரமாயிற்று என்பதைச் சிறிது பார்க்கவேண்டும்.

பழந்தமிழர் இரவை யாமங்களாகப் பகுத்தனர். ஏழரை நாழிகை கொண்டது ஒரு யாமம்; இன்றைய கணக்கில் 3 மணி நேரம். நடு யாமத்தில் விழித்திருப்பவர் சங்க இலக்கியத்தில் தனிப்பட்ட காரணம் உடையவர்: நெடுநல்வாடையில் பாசறையில் இருக்கும் அரசன் உறங்காமல் புண்பட்ட வீரரைப் பார்த்து வருகிறான், குறுந்தொகையில் பதுமனாரின் தலைவி உலகமெல்லாம் உறங்கத் தான் மட்டும் உறங்காததைச் சொல்கிறாள். ஊர் முழுவதும் கூலிக்காக விழித்திருப்பது அக்காலத்தில் கற்பனைக்கும் எட்டாதது. விளக்கெண்ணெய் வெளிச்சம் அதற்கு இடங்கொடாது. நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கி வந்தபோதுதான் ஆலைகள் பெருகின. நொய்யற்கரையில் கையால் சுற்றிய பின்னல் இயந்திரங்களும் மெல்ல மின்விசைக்கு மாறின. மில்லுக்கு மூன்று ஷிப்ட் என்பது வழக்கமாயிற்று. வெள்ளை உள்பனியன் மட்டும் தைத்துக்கொண்டிருந்த ஊர், 1970களின் பிற்பகுதியில் இத்தாலிய வியாபாரிகள் வந்து டி-ஷர்ட்டு கேட்ட பிறகு, தூரதேசத்துக் கடைகளின் பருவகாலத்துக்குத் தன் இரவுகளை ஒப்புக்கொடுத்தது. குறித்த தேதியில் சரக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடையாவிட்டால், ஏற்றுமதியாளர் தம் கைப்பணத்தைக் கொடுத்து விமானத்தில் அனுப்பவேண்டும்; ஓர் ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்துபோகும். அந்தப் பயம் முதலாளியிடமிருந்து மேனேஜருக்கும், அவரிடமிருந்து கான்ட்ராக்டருக்கும், அவரிடமிருந்து ஓவர்லாக் மெஷினில் இருப்பவருக்கும் படிப்படியாக இறங்கி வருகிறது.

தொழிலாளர் இதை வெறுமனே சுமத்தப்பட்ட சுமையாக மட்டும் கருதுகிறார்கள் என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பாகும். புதிதாக வேலை தேடி வருகிறவர் கம்பெனி வாசலில் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, 'ஒன்றரை இருக்குதுங்களா?' என்பது. ஒரு ஷிப்ட் கூலியில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் நிறைவேறாது என்பது அவருக்குத் தெரியும். தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்தவர்களுக்கும், பிற்காலத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கும் இதுவே கணக்கு. தூக்கத்தை விற்றுத்தான் குடும்பம் நடக்கிறது. ஆகையால் 'நேரத்தோடு படுங்கள்' என்று அவர்களுக்கு உபதேசம் செய்பவர், பசித்தவனிடம் நன்றாகச் சாப்பிடு என்று சொல்பவரைப் போன்றவர்.

ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை 5 மணிக்கு எழுகிறார், இரண்டு வேளைக்குச் சமைத்து வைத்துவிட்டு 7 மணிக்குச் சாலையோரத்தில் வண்டிக்கு நிற்கிறார், 8.30 முதல் இரவு 8.30 வரை வேலை. வீடு வந்து சேர 9.15, சமையல், பாத்திரம், துணி, படுக்கும்போது 11 மணி. தடையின்றித் தூங்கினாலும் ஆறு மணி நேரம். ஷிப்மென்ட் வாரத்தில் இரண்டு ஷிப்ட் செய்யும் நாளிலோ, அவர் 20 மணி நேரம் விழித்திருந்தபின் வீடு திரும்புகிறார். ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் செய்து 1997இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உடையவரின் கையையும் கண்ணையும் போல் தடுமாறுவதைக் காட்டிற்று. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். அந்த நேரத்தில் கட்டிங் மேசையில் பட்டைக் கத்தியைச் செலுத்துபவரும், வேலை முடித்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புபவரும் சட்டப்படி குடித்தவர் அல்லர். ஆனால் கைகால் தடுமாற்றத்தில் குடித்தவருக்குச் சமமானவர்.

இனி இரண்டாம் வகை. நூல் மில்லின் மூன்றாம் ஷிப்டிலும், இரவு பகலாக ஓடும் நிட்டிங் கூடங்களிலும், சாயப்பட்டறைகளிலும், பல்லடத்து விசைத்தறிக் கூடங்களிலும் இருப்பவர் பகலில் தூங்கவேண்டியவர். எட்டு மணி நேரம் கிடைத்தும் அவரால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்க முடிவதில்லை. ஏன் என்பதற்கு விடை தேகத்தின் அமைப்பில் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்து அறிஞர் போர்பெலி 1982இல் விளக்கியவாறு, தூக்கத்தை இரண்டு சக்திகள் ஆள்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் மூளையில் சேர்ந்துகொண்டே வரும் தூக்கப் பசி. அடினோசின் என்னும் பொருள் சேர்வது அதன் ஓர் அடையாளம். மற்றொன்று, கண்ணுக்குப் பின்னே மூளையின் அடியில் இருக்கும் சிறு நரம்புத் திரளின் கடிகாரம். அது சூரிய ஒளியைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது. இருள் சூழும்போது மெலட்டோனின் சுரக்கவும், சரீரத்தின் உள்உஷ்ணம் தணியவும் செய்வது அக்கடிகாரமே. காலை 8 மணிக்கு மில்லிலிருந்து வெயிலில் நடந்து வருபவருக்குத் தூக்கப் பசி நிறைந்திருக்கிறது. கடிகாரமோ 'விடிந்துவிட்டது, எழு' என்கிறது. பசி சற்றுத் தணிந்ததும், நண்பகலில் கடிகாரம் வென்றுவிடுகிறது.

இக்கடிகாரத்தை மனவுறுதியால் மாற்றிவிடலாம் என்று எண்ணுவோர் 1938இல் நடந்ததை அறிந்திருத்தல் நலம். தூக்க ஆராய்ச்சியின் தந்தை எனத்தக்க கிளைட்மன், தம் இளம் மாணவரோடு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சூரிய வெளிச்சம் புகாத மாம்மத் குகையில் ஒரு மாதத்துக்கு மேல் தங்கி, 28 மணி நேரம் கொண்ட நாளுக்குத் தம்மைப் பழக்க முயன்றார். இருபது வயதைக் கடந்திருந்த மாணவரின் உடல் பழகிற்று. நாற்பதைக் கடந்திருந்த ஆசிரியரின் உடல் இறுதிவரை இணங்கவில்லை. இருபது வயதில் மூன்றாம் ஷிப்டை இலேசாகக் கடந்தவர், நாற்பத்தைந்தில் அதே ஷிப்டில் உடைந்துபோவதைக் கண்டு, 'முன்னெல்லாம் செய்தாரே, இப்போது என்ன?' என்று மேஸ்திரி கடிந்துகொள்வது எவ்வளவு அறியாமை!

வாரந்தோறும் ஷிப்ட் மாற்றும் வழக்கத்துக்கும் ஒரு முறை உண்டு. 1982இல் செய்ஸ்லர் குழுவினர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓர் உப்புக் கனிமத் தொழிற்சாலையில் பரிசோதித்து, காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்றுவதும், வாரத்துக்கு ஒருமுறை என்பதை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்குவதும் தொழிலாளரின் திருப்தியையும் ஆரோக்கியத்தையும் உற்பத்தியையும் உயர்த்தியதாக எழுதினர். செலவே இல்லாத சீர்திருத்தம் இது. அட்டவணையை எழுதும் எழுத்தர் ஒரு காகிதத்தை மாற்றி எழுதினால் போதும். இரவு வேலை வெறும் அசதியோடு முடிவதும் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிப்டை 2007இலும், மறுபடி ஆராய்ந்து 2019இலும், புற்றுநோயை விளைவிக்கக்கூடியவற்றின் இரண்டாம் தர வரிசையில் வைத்திருக்கிறது.

ஒன்றரை ஷிப்ட் செய்து பகலில் அல்லாமல் இரவிலேயே படுப்பவருக்கும் கடிகாரக் கோளாறு இல்லாமல் இல்லை. துணியில் ஓர் ஓட்டையும் ஒரு கறையும் தப்பாமல் பிடிப்பதற்காகச் செக்கிங் மேசையின் மேல் தலைக்கு நெருக்கமாகத் தொங்கும் குழல் விளக்குகளின் கீழ் இரவு 8.30 மணி வரை இருப்பவருக்கு, மாலை இருளையே பார்க்காத மூளை மெலட்டோனினைத் தாமதமாகத்தான் சுரக்கும். வேலைக்குப் பின் கைபேசி வெளிச்சம் அதன் மேல் வந்து சேர்கிறது. கைபேசியைக் குற்றவாளியாக்கிப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் மற்றவர் ஏவலில் கழித்தவருக்குத் தமக்கென்று கிடைக்கும் முதல் அரை மணி அதுதான் என்பதையும் நாம் மறக்கலாகாது. அதைப் பிடுங்குவதினும், படுக்கையை விட்டு வெளியே உட்கார்ந்து பார்த்து முடித்துவிட்டுப் படுக்கச் சொல்வது மேல்.

வீட்டைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் காம்பவுண்டு லைன் வீடு பெரும்பாலும் ஓர் அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. மேலே சிமென்ட் சீட்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் பகலெல்லாம் காய்ந்த அந்தச் சீட்டு இரவு நடு யாமம் வரை வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டேயிருக்கிறது. சரீரத்தின் உள்உஷ்ணம் இறங்கினால்தான் ஆழ்ந்த நித்திரை கூடும். அது இறங்குவதற்கு அறையே தடை. கதவைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். பக்கத்து வீட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்தவர் 1.30 மணிக்குக் குளிக்கிறார். எதிர் வீட்டில் மூன்றாம் ஷிப்டுக்குப் போகிறவர் 11.30 மணிக்கு வண்டியை உதைக்கிறார்; குழாயில் நல்ல தண்ணீர் எந்த வேளையில் வரும் என்று காத்து ஒரு காது விழித்தேயிருக்கிறது. பத்து வீட்டுக்கு ஒரு கழிப்பறை இருக்கும் காம்பவுண்டில் இரவில் எழுந்து போவது பெண்களுக்கு ஒரு பிரயாணம்.

இந்நிலையை அளந்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. பெசோனே, கௌதம் ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், தோமா ஆகிய ஐவர் சென்னையில் குறைந்த வருமானமுடைய 452 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியிட்ட அவ்வாராய்ச்சி, ஒரு திடுக்கிடும் செய்தியைத் தந்தது. மணிக்கட்டில் கட்டிய கருவியின்படி அவர்கள் படுக்கையில் கழித்தது சுமார் 8 மணி நேரம். தூங்கியதோ சுமார் ஐந்தரை மணி நேரம். சத்தமும் சூடும் கொசுவும் நெருக்கடியும் ஓரிரவில் அவர்களைப் பலமுறை எழுப்பிவிட்டன. மெத்தை, தலையணை, கண்மறைப்பு, காதடைப்பு, மின்விசிறி முதலியவற்றைக் கொடுத்தபோது தூக்கம் 27 நிமிஷம் கூடிற்று. ஆயினும் வேலைத்திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. அதே ஆராய்ச்சியில் சிலருக்கு, வேலை செய்யும் இடத்திலேயே, அமைதியான ஓர் அறையில், பிற்பகலில் அரை மணி நேரம் கண்ணயர அனுமதி கொடுத்தார்கள். அவர்களுக்கோ கவனமும் மனநிலையும் வேலைத்திறனும் உயர்ந்தன. அந்த அரை மணியையும் வேலையிலேயே கழித்தவரோடு ஒப்பிட்டால் மொத்த வருமானம் சற்றுக் குறைவு என்பதையும், தூங்காமல் சும்மா இளைப்பாறியவரோடு ஒப்பிட்டால் அதிகம் என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். துண்டு துண்டான இரவை நீட்டுவதினும், துண்டாகாத சிறு பகலுறக்கம் பயனுடையது என்று நான் இதிலிருந்து கொள்கிறேன். இரவை நீட்ட வேண்டா என்று இதற்குப் பொருளில்லை. அறையைத் திருத்தாமல் நேரத்தை மட்டும் நீட்டுவதால் பயன் குறைவு.

அறையைத் திருத்த எளிய உபாயங்கள் சில உண்டு. கூரைச் சீட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல், வெயில் தாழ்ந்தபின் அதன் மேல் தண்ணீர் தெளித்தல், கொசுவலை கட்டுதல், கிழக்குச் சன்னலுக்குக் கம்பெனி வேஸ்ட் துணியால் கறுப்புத் திரையிடுதல். வேலை முடிந்து வந்து, உடம்பில் ஒட்டிய பஞ்சும் தூசும் போக வெந்நீரில் குளிக்கும் நம் பெண்களின் வழக்கம் நல்ல வழக்கம். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாக அமைந்த வெந்நீர்க் குளியல், தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்உஷ்ணத்தை வெளியேற்றித் தூக்கத்தை விரைவுபடுத்துவதாக 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் கண்டிருக்கிறார்கள்.

இனி மூன்றாம் வகை. செக்கிங் அம்மாளின் வாக்கியத்துக்குத் திரும்பலாம். வண்டியில் வரும் தூக்கம் பாயில் ஏன் வரவில்லை? ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இயல்பிலேயே சிலருக்குத் துயில் இலேசானது. ஏதேனும் ஒரு நிகழ்ச்சி, கடனோ பிரசவமோ ஷிப்ட் மாற்றமோ, அதைக் கலைக்கிறது. கலைந்ததைச் சரிக்கட்ட நாம் செய்யும் காரியங்களே பிறகு நோயை நிலைநிறுத்துகின்றன. ஞாயிற்றுக்கிழமை பகல் 11 மணி வரை படுத்துக் கிடத்தல், தூக்கம் வராமலே மணிக்கணக்கில் பாயில் புரளுதல், 'நாளை 5 மணிக்கு எழவேண்டுமே' என்று கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டேயிருத்தல் யாவும் இவ்வகை. புரண்டு புரண்டு பாய் என்பதே விழிப்பின் இடமாக மனத்தில் பதிந்துபோகிறது. வண்டியில் அந்தப் பயம் இல்லை. தூங்கவேண்டும் என்ற பிரயாசையும் இல்லை. ஆகவே அங்கே தூக்கம் வருகிறது.

இதற்குரிய சிகிச்சை மாத்திரையன்று. அமெரிக்க வைத்தியர் கழகம் 2016இலும், ஐரோப்பியத் தூக்க ஆராய்ச்சிச் சங்கம் 2017இலும், நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சையாக விதித்திருப்பது எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் முறை. அதன் உயிர்நாடி இரண்டு விதிகள். பூட்ஸின் என்பவர் 1972இல் வகுத்த முதல் விதி: தூக்கம் வந்தால் மட்டும் படு, சிறிது நேரத்துக்குள் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ, வந்தபின் திரும்பு, எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு. ஒரே அறையில் ஐவர் படுக்கும் வீட்டுக்கு 'வேறு அறைக்குப் போ' என்பதை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுப்பதில் பிரயோஜனமில்லை. வாசற்படியில் ஒரு மணை போட்டு உட்காரலாம். அதுவும் இயலாத பெண்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்து அமரலாம். பாயில் விழித்திராமலிருப்பதுதான் விதியின் கருத்து. இரண்டாம் விதி, தூங்கும் அளவுக்கே படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்கிப் பின் சிறிது சிறிதாகக் கூட்டுவது. இதனால் முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கக் கலக்கம் மிகும். ஆகையால் கட்டிங் கத்தியோடும் பாய்லரோடும் வாகனத்தோடும் பழகுபவரும், வலிப்பு நோயுள்ளவரும், மனவெழுச்சி நோயுள்ளவரும் மருத்துவர் மேற்பார்வையின்றி இதைச் செய்யலாகாது. படுக்கையில் ஐந்தே மணி நேரம் கிடைப்பவருக்கு இது வேண்டுவதும் இல்லை.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அல்பிரசோலாம், நைட்ரசீபாம், சோல்பிடெம் முதலியவை 2013ஆம் ஆண்டின் அரசாணையால் எச்-1 அட்டவணையில் சேர்ந்தவை. மருத்துவர் சீட்டின்றி விற்பது சட்டவிரோதம். சில வாரத்துக்கு மேல் பழகினால் விடமுடியாத கட்டு ஏற்படும். திடீரென நிறுத்தினால் துயிலாமை முன்னிலும் மோசமாகத் திரும்பும். சளிக்குக் கொடுக்கும் மாத்திரையைத் தூக்கத்துக்கென விழுங்குவோர் மறுநாள் மந்தத்தோடு மெஷினில் அமர்கிறார்கள். சனிக்கிழமை இரவின் மது, கண்ணை விரைவில் மூடவைத்துப் பின்னிரவைக் கலைத்துவிடும். கம்பெனியில் மாலை வேளையில் கொடுக்கும் டீயில் உள்ள காபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் தங்கியிருக்கும். 4 மணி டீயைக் குடித்து 6 மணி டீயை விடுவது, துயில் கெட்டவருக்குச் சிறந்த தொடக்கம்.

எல்லாத் துயிலாமையும் பழக்கத்தால் வந்ததும் அன்று. படுத்தவுடன் கால்கள் குடைந்து, அசைத்துக்கொண்டேயிருக்கத் தூண்டும் ஒரு நோய் உண்டு. இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவதற்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர் இரத்தசோகை உடையவர் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, 'நாள் முழுதும் பெடலை மிதித்த வலி' என்று அவர்கள் ஒதுக்கிவிடும் அந்தக் குடைச்சலுக்கு ஓர் இரத்தப் பரிசோதனையாவது செய்யவேண்டாமா? உரக்கக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறுபவருக்கும், விடியற்காலை 3 மணிக்கே விழித்து மனம் இருண்டு கிடப்பவருக்கும் வேறு சிகிச்சைகள் உள. பின்னவர் அரசின் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். 2021 முதல் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள், 'இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?' என்ற கேள்வியையும் தங்கள் ஏட்டில் சேர்த்துக்கொண்டால் அது பெரிய உபகாரம்.

முதலாளிகளின் துயிலாமையும் எனக்கு அற்பமாகத் தோன்றவில்லை. நூல் விலை ஒருபுறம் ஏற, பையர் கேட்கும் விலை மறுபுறம் இறங்க, பாங்குக் கடன் நடுவில் நிற்க, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களின் மேல் 50 சதவீத வரி விதித்தபோது, நள்ளிரவில் மாடியில் நடந்துகொண்டிருந்தவர் இவ்வூரில் பலர். முடிந்த காரியங்களை எழுதிவிட்டுப் படுத்தவரினும், மறுநாள் செய்யவேண்டியவற்றை ஐந்து நிமிஷம் தாளில் எழுதிவிட்டுப் படுத்தவர் விரைவில் தூங்கியதாக 2018இல் ஓர் அமெரிக்கப் பரிசோதனை கண்டது. கணக்குப் புத்தகத்தோடு பிறந்த நம் கொங்கு வியாபாரிக்கு அது கடினமான பயிற்சியன்று. ஆனால் தூங்காமல் உழைத்து முன்னுக்கு வந்ததைப் பெருமையாகச் சொல்லும் வழக்கத்தை அவர்கள் விடவேண்டும். துயிலைச் சோம்பலின் தோழனாகக் காணும் எண்ணம் நம்மிடையே பழையது. வள்ளுவரே மடியின்மை அதிகாரத்தில் அதைக் கெடுநீரார் விரும்பும் நான்கினுள் ஒன்றாக எண்ணியிருக்கிறார். அவர் குறித்தது கடமையை விட்டுக் கிடக்கும் தூக்கம். பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வந்தவரின் தூக்கத்துக்கு அந்தச் சொல்லைப் பிரயோகிப்பது அநியாயம்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இருந்ததில்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எல்லை வகுத்து, மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி விதித்தது. ஒன்றரை ஷிப்ட் அந்த எல்லைக்கு வெளியே வளர்ந்த வழக்கம்; இரட்டைக் கூலி கிடைத்தவர் எத்தனை பேர் என்பதை இவ்வூரில் வேலை செய்தவர் அறிவர். பெண்களின் இரவு வேலையைத் தடுத்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் நீக்கி, பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதித்தது. சமத்துவத்தின் பேரில் அது நியாயமே, நிபந்தனைகள் காகிதத்தை விட்டு இறங்கினால். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் திருத்த மசோதா சட்டசபையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே முதல் தேதி திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதம் முழுவதும் கூலியையும் உரிமையையும் பற்றியே நடந்தது. தூக்கத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை. ஒரு ஷிப்ட் கூலி ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக ஆகும்வரை ஒன்றரை ஷிப்ட் நிற்காது, நிற்காதவரை இவ்வூர் தூங்காது என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

அந்த நாள் வரும்வரை காத்திராமல் நாளையே செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. மதியம் 1 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டதும், டிபன் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, மெஷின்களுக்கு இடையிலும் வேஸ்ட் மூட்டைகளின் மேலும் பெண்கள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்கிறார்கள். பல கம்பெனிகளில் அப்போது கரண்ட் செலவை மிச்சம் பிடிக்க மின்விசிறிகளை நிறுத்திவிடுகிறார்கள். சில இடங்களில் சூப்பர்வைசர் வந்து எழுப்பியும் விடுகிறார். சென்னையில் நடந்த ஆராய்ச்சி பணம் செலவழித்துக் கண்டறிந்த மருந்து அந்த அரை மணி நேரம்தான். பேக்கிங் அறையின் ஒரு மூலையில் பாய்கள் விரித்து, விளக்கை அணைத்து, 1.15 முதல் 1.45 வரை ஒருவரும் உள்ளே வந்து பெயர் சொல்லிக் கூப்பிடாமல், அந்த மின்விசிறிகளை மட்டும் ஓடவிடுங்கள் என்று திருப்பூர் முதலாளிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.